முந்தித் தொடங்குவதும் முழுமையாகக் கற்பதும்

 

இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், இளம் குழந்தைகளுக்கு அயல்மொழி கற்பித்தல். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடும் வீடுகளில் இன்று ஓயாமல் பேசப்படுவது இதுதான். “சின்ன வயசிலேயே போட்டுவிட்டா இங்கிலீஷ் தானா வந்துடும்” என்கிறார் ஒருவர். “வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசினால் குழந்தை குழம்பிப்போகும்” என்று எச்சரிக்கிறார் இன்னொருவர். இந்த இரண்டு நம்பிக்கைகளை வைத்துத்தான் கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே அவை எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்துச் சொல்வது கல்வித்துறையில் இருப்பவர்களின் கடமை.

கடந்த அறுபது ஆண்டுகளில் இங்கிலாந்து, கனடா, நெதர்லாந்து, ஸ்பெயின் முதலிய நாடுகளில் இந்தக் கேள்வியை வகுப்பறைகளிலும் வெளியேயும் சோதித்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயல்மொழியை இளமையில் தொடங்கிவிட்டதால் மட்டும் எந்தப் பயனும் விளைவதில்லை. போதிய நேரம், முகம் பார்த்துப் பேசும் ஓர் ஆள், இடையில் அறுபடாத தொடர்ச்சி, உறுதியாக ஊன்றிய தாய்மொழி ஆகிய நான்கும் அமைந்தால் இளமைத் தொடக்கம் பெரும் பேறு. அவை அமையாவிட்டால் அது வெறும் அவசரம்.

1. கொமேனியசின் படப்புத்தகம்

இந்தக் கேள்வி புதிதன்று. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கல்வி என்றாலே இலத்தீன்தான். எவர் வீட்டிலும் பேசாத அந்த மொழியின் இலக்கண விதிகளைச் சிறுவர்கள் பொருள் தெரியாமல் உருப்போட்டார்கள். தவறினால் பிரம்படி வாங்கினார்கள். இந்த முறையை மாற்ற வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் யான் ஆமோஸ் கொமேனியஸ். 1592இல் மொராவியாவில் பிறந்து, மதப்போரில் தாய்நாட்டை இழந்து, நாடு நாடாக அலைந்து, 1670இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தவர்.

1658இல் நியூரம்பெர்க் நகரில் அவர் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ குழந்தைகளுக்கான பாடநூல் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதில் 150 பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மரத்தில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். படத்தில் உள்ள பொருள்களுக்கு எண்கள். அதே எண்களோடு இலத்தீன் ஒரு பத்தியிலும் ஜெர்மன் அதை அடுத்தும் இருக்கும். எழுத்துகளைக்கூட விலங்குகளும் பறவைகளும் எழுப்பும் ஓசைகளைக்கொண்டே அறிமுகப்படுத்தினார். முதல் எழுத்துக்குக் காக்கையின் கரைதல். பொருளைக் கண் பார்க்க வேண்டும், தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குப் போக வேண்டும் என்பது அவர் வகுத்த வழி.

ஐரோப்பா முழுவதும் பயின்ற இலத்தீன் பாடநூல்களை எழுதிய அவர், இலத்தீனை எப்போது தொடங்கச் சொன்னார்? ஆறு வயது வரை தாய்மடியே பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய்மொழிப் பள்ளி. இலத்தீன் அதற்குப் பிறகுதான். அயல்மொழி ஆசிரியர்களில் தலைசிறந்த ஒருவர் தாய்மொழிக்கு முதலிடம் கொடுத்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

2. காது அறிந்ததும் திரை தராததும்

இளமையில் தொடங்க வேண்டும் என்பதற்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. கனடாவில் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீசும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. இந்தியில் நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலிக்கும், நா மடிந்து அண்ணத்தைத் தொட்டு எழும் ஒலிக்கும் வேறுபாடு உண்டு. நம் ‘த’வும் ‘ட’வும் போல. ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு காதில் விழுவது அரிது. ஆனால் அவர்கள் வீட்டு ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் அதைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டிருந்தது. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்குத் தேவையான ஒலிகளில் குழந்தையின் காது ஊன்றிவிடுகிறது என்பது இதன் பொருள். உச்சரிப்பில் இளமைக்கு உள்ள நன்மைக்கு வேர் இங்கே இருக்கிறது.

அடுத்த சான்று நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளர், ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார். சீனம் பேசுபவர்கள் நேரில் வந்து, குழந்தையின் முன் அமர்ந்து, பொம்மை காட்டி விளையாடி, படக்கதை வாசித்தார்கள். மொத்தம் 12 அமர்வுகள். ஒவ்வொன்றும் அரைமணிக்கும் குறைவு. அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. இதே ஆட்களை, இதே பேச்சை, இதே அளவு நேரம் காணொளியிலும் ஒலிப்பதிவிலும் மட்டும் பெற்ற குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. 2003இல் வெளிவந்த இந்த முடிவு, அழுகிற பிள்ளையின் கையில் ரைம்ஸ் ஓடும் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு ‘மொழியும் படியும்’ என்று ஆறுதல் கொள்ளும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. அந்த வயதுக் குழந்தைக்கு மொழி, தன்னைப் பார்த்துச் சிரித்துத் தனக்கு மறுமொழி தரும் மனிதரிடமிருந்துதான் வருகிறது.

3. பெரிய பிள்ளைகளின் வேகம்

காது கூர்மை என்பதிலிருந்து, சிறு பிள்ளைகள்தான் வேகமாகக் கற்பார்கள் என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறோம். அளந்து பார்த்தபோது கிடைத்தது நேர்மாறானது. நெதர்லாந்துக்குக் குடிபோன, ஆங்கிலம் பேசும் குடும்பங்களில் மூன்று வயது முதல் பெரியவர்கள் வரை டச்சு மொழியை எப்படிக் கற்றார்கள் என்று கேத்தரின் ஸ்னோவும் அவருடைய துணை ஆய்வாளரும் கவனித்து 1978இல் எழுதினார்கள். தொடக்க மாதங்களில் விரைந்து முன்னேறியவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்.

ஸ்பெயினில் பள்ளி ஆங்கிலத்தின் தொடக்க வயதைப் பதினொன்றிலிருந்து எட்டுக்குக் குறைத்தபோது, பார்சிலோனாவில் கார்மென் முன்யோசின் குழு இரு சாராரையும் ஒப்பிட்டது. வகுப்பு நேரம் சமமாக இருக்கும்படி 200, 416, 726 மணி நேரங்களின் முடிவில் சோதித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலான திறன்களில் பிந்தித் தொடங்கியவர்களே முந்தியிருந்தார்கள்.

காரணம் விளங்காததன்று. பத்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். ஒரு விதியைச் சொன்னால் பிடித்துக்கொள்ளத் தெரியும். நான்கு வயதுக் குழந்தை மொழியைக் கற்கும் வழி வேறு. அது கேட்டுக் கேட்டு, தன்னையறியாமல், கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்குகிறது. அந்த வழி கடைசியில் மிக உயரத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் அதற்கு நேரம் ஏராளமாகத் தேவை.

எவ்வளவு நேரம்? ஒரு குழந்தை நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் தாய்மொழியின் நடுவே விழித்திருக்கிறது என்று கொள்வோம். ஐந்து வயது நிறைவதற்குள் 18,000 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை, வேளைக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தால் அயல்மொழி வகுப்பில் ஓர் ஆண்டில் கிடைப்பது 53 மணி நேரம். இந்த வீதத்தில் அந்த 18,000 மணியை எட்ட 340 ஆண்டுகள் வேண்டும். ‘தாய்மொழியைப் போலவே தானாக வந்துவிடும்’ என்ற சொல்லுக்கு எதிரே இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள்.

4. இங்கிலாந்தின் பாடம்

இதே கணக்கு ஒரு நாட்டின் பள்ளிகளில் கண்கூடாகத் தெரிந்தது. 1960களில் இங்கிலாந்து, தொடக்கப்பள்ளியில் எட்டு வயதிலிருந்தே பிரெஞ்சு கற்பிக்கலாமா என்று அறிய ஒரு முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆசிரியர்களுக்குத் தனிப்பயிற்சி அளித்தார்கள். நஃபீல்ட் அறக்கட்டளை படங்களும் ஒலிநாடாக்களும் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கித் தந்தது. உற்சாகத்துக்கும் பொருளுக்கும் குறைவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த கிளேர் பர்ஸ்டாலின் அறிக்கை 1974இல் வந்தது. எட்டு வயதில் தொடங்கியவர்கள் பதினாறு வயதில், பதினொன்றில் தொடங்கியவர்களைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டுமே சற்று மேலே இருந்தார்கள். மற்றவற்றில் அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. இந்த அறிக்கைக்குப் பிறகு தொடக்கப்பள்ளிப் பிரெஞ்சு இங்கிலாந்தில் பெரிதும் ஒடுங்கிப்போயிற்று. ஏழு வயதிலிருந்து ஓர் அயல்மொழி கட்டாயம் என்ற நிலை 2014இல்தான் வந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? கிடைத்த நேரம் சொற்பம் என்பது ஒன்று. மற்றொன்று, உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் பல இடங்களில் மூன்றாண்டு கற்ற பிள்ளையும் அன்றைக்குத் தொடங்கும் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார்கள். பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கற்றதைக் கற்றுக்கொண்டே இருக்க எந்தப் பிள்ளை விரும்பும்?

ஆனால் அதே அறிக்கையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சிற்றூர்களின் சிறிய பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பெரிய பள்ளிப் பிள்ளைகளைவிடத் தொடர்ந்து நன்றாகச் செய்தார்கள். ஒருவரோடொருவர் போட்டியிடும் சூழலைவிட ஒருவருக்கொருவர் உதவும் சூழல் மொழிக்கு உகந்தது என்று பர்ஸ்டால் கருதினார். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளைச் சுமையாகக் கருதும் நம் நிர்வாகம் படிக்க வேண்டிய பக்கம் அது.

5. செயிண்ட் லாம்பேர்ட்டின் வகுப்பறை

இங்கிலாந்தில் அந்தச் சோதனை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மான்ட்ரியல் நகரை அடுத்த செயிண்ட் லாம்பேர்ட் என்ற ஊரில் வேறொன்று நடந்தது. கியூபெக்கில் பெரும்பான்மையோர் பேசுவது பிரெஞ்சு. ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சுப் பாடம் படித்தும், பக்கத்து வீட்டாரோடு பேச முடியாதவர்களாகவே வெளியே வந்தார்கள். 1960களில் பிரெஞ்சு பேசுவோரின் உரிமைக்குரல் ஓங்கியபோது, இனிப் பிரெஞ்சு இல்லாமல் தம் பிள்ளைகளுக்கு அங்கே வாழ்வில்லை என்று சில பெற்றோர் உணர்ந்தார்கள். அவர்கள் ஒன்றுகூடிப் பள்ளி நிர்வாகத்தை இரண்டாண்டுகள் விடாமல் வற்புறுத்தினார்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டையும், மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லம்பேர்ட்டையும் கலந்தாலோசித்தார்கள். 1965 செப்டம்பரில் ஒரு பாலர் வகுப்பு தொடங்கியது.

அந்த வகுப்பில் ஆசிரியை பேசியது முழுக்கப் பிரெஞ்சு. பிள்ளைகள் முதலில் ஆங்கிலத்தில் பேசலாம், தடையில்லை. ஆசிரியை புரிந்துகொண்டு பிரெஞ்சில் மறுமொழி தருவார். முதல் வகுப்பில் வாசிப்பதும் எழுதுவதும் பிரெஞ்சிலேயே. இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் சிறிது நேரம் சேர்ந்தது. தொடக்கப்பள்ளி முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி ஆயிற்று. லம்பேர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து 1972இல் நூலாக வெளியிட்டார்கள். முதலாண்டில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆங்கிலப் பாடம் வந்த பிறகு ஈடுசெய்துவிட்டார்கள். கணக்கிலும் குறைவில்லை. பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அருகே வந்துவிட்டார்கள்.

இங்கும் ஒரு குறை தெரிந்தது. இத்தகைய வகுப்புகளில் பயின்ற பிள்ளைகளின் பேச்சிலும் எழுத்திலும் ஆண்டுகள் கடந்தும் இலக்கணப் பிழைகள் நீடித்தன. டொராண்டோவைச் சேர்ந்த மெரில் ஸ்வெயின் 1985இல் இதற்குக் காரணம் சொன்னார்: பிள்ளைகள் நிறையக் கேட்டார்கள், தாமே நீளமாகவும் துல்லியமாகவும் பேசும் வாய்ப்பு வகுப்பில் போதவில்லை. கேட்பது அடித்தளம், பேசுவதும் எழுதுவதும் இல்லாமல் கட்டடம் எழாது.

6. நமக்கு இதனால் என்ன?

‘கனடாவில் வெற்றிபெற்றது, நாங்களும் முழுக்க ஆங்கிலத்தில்தானே நடத்துகிறோம்’ என்று நம் பள்ளிகள் கேட்கலாம். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். செயிண்ட் லாம்பேர்ட் பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலம். அதற்கு எங்கும் மதிப்புக் குறைவில்லை. வீட்டிலும் கடையிலும் நூலகத்திலும் தொலைக்காட்சியிலும் அது தழைத்திருந்தது. இரண்டாம் மொழி வந்ததால் முதல் மொழியிலிருந்து ஒன்றும் போகவில்லை. முதல் மொழி தாழ்ந்தது என்று நினைக்க வைத்து, அதை உரித்துவிட்டு இரண்டாம் மொழியை ஏற்றினால் விளைவு வேறு என்று லம்பேர்ட்டே எச்சரித்தார். ஒன்றோடு ஒன்று சேரும் இருமொழி அறிவு வேறு. ஒன்றைக் கழித்து ஒன்றைத் தரும் இருமொழி அறிவு வேறு. தாய்மொழியே தொடக்கக் கல்விக்குச் சிறந்த ஊடகம் என்று யுனெஸ்கோவும் 1953இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தது.

செயிண்ட் லாம்பேர்ட் ஆசிரியை பிரெஞ்சில் கதை சொல்லவும், கோபிக்கவும், கொஞ்சவும் வல்லவர். நம் பாலர் வகுப்பு டீச்சர்கள் பலருக்கு அந்த வாய்ப்பை யாரும் தரவில்லை. குறைந்த சம்பளத்தில், போதிய பயிற்சியின்றி, தமக்கே நெருக்கமில்லாத மொழியில் நாள் முழுவதும் நடத்தச் சொல்கிறோம். அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: கேள்வியும் பதிலும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது. எல்.கே.ஜி. பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு கதையைக்கூடக் கேட்பதற்கு முன் இருபத்தாறு எழுத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதுகிறது. தமிழில் கேட்டால் மழை எப்படி வருகிறது என்று வாய் ஓயாமல் சொல்லக்கூடிய குழந்தை, ஆங்கிலத்தில் கேட்டால் தலை குனிந்து நிற்கிறது. அந்தத் தலைகுனிவு மொழிக் குறைபாடாகத் தொடங்கி அறிவுக் குறைபாடாகப் பதிவேட்டில் ஏறுகிறது. இது நம் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. 1962இல் எலிசபெத் பீலும் லம்பேர்ட்டும் மான்ட்ரியலில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, இரு மொழியும் அறிந்தவர்கள் அறிவுத்திறன் தேர்வுகளில் ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களுக்குக் கீழே இல்லை, மேலே இருந்தார்கள். இரு மொழிகளோடு வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம்; இரண்டையும் கூட்டினால் குறைவில்லை. ஆகவே வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம். வாசிப்பு என்ற திறனை மனிதர் ஒரு முறைதான் கற்கிறார். நன்கு புரியும் மொழியில் அதைக் கற்ற பிள்ளை, அடுத்த மொழிக்கு எழுத்துகளையும் சொற்களையும் மட்டுமே புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

டொராண்டோவிலும் லண்டனிலும் ஆஸ்லோவிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ். அங்கே தமிழ்தான் வாரத்துக்குச் சில மணி நேரம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை அர்ப்பணிப்போடு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, முன்பு போட்ட அதே கணக்குத்தான். வகுப்பு மட்டும் போதாது. வீட்டில் தாத்தா பாட்டியின் பேச்சும் உணவுமேசைப் பேச்சும் தமிழில் நடந்தால்தான் அந்த வகுப்பு பலன் தரும்.

7. வகுப்பறையில் செய்யத்தக்கவை

உலகின் போக்கு இளமைத் தொடக்கத்தை நோக்கியே இருக்கிறது. தென் கொரியா 1997இல் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தைத் தொடங்கியது. பின்லாந்து 2020 முதல் முதல் வகுப்பிலேயே அயல்மொழியைத் தொடங்குகிறது. பாட்டு, விளையாட்டு, பேச்சு ஆகியவையே அங்கே முதன்மை. ஜப்பான் அதே ஆண்டில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலச் செயல்பாடுகளை வைத்து, ஐந்தாம் வகுப்பில்தான் அதை முறையான பாடமாக்கியது. இலங்கைப் பள்ளிகளிலும் முதலில் செயல்வழி வாய்மொழி ஆங்கிலம், மூன்றாம் ஆண்டில் முறையான பாடம் என்ற வரிசை உண்டு. எல்லாவற்றிலும் பொதுவானது, காதும் வாயும் முதலில், எழுத்து பிறகு.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை எளியது, செலவில்லாதது. ஆசிரியர் ‘எழுந்து நில்’, ‘கதவைத் தொடு’ என்று புதிய மொழியில் சொல்லிச் செய்துகாட்டுகிறார், பிள்ளைகள் செய்கிறார்கள். வாய் திறக்கக் கட்டாயமில்லை. புதிய மொழிக்குள் நுழையும் குழந்தை சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. அந்த மௌனத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதட்டிக் கலைக்கக்கூடாது. ஒரே படக்கதையைப் பலமுறை வாசிப்பது, பழகிய தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் சொல்வது, சந்தை விளையாட்டில் விலை கேட்க வைப்பது, பிழையாகச் சொன்னதைத் திருத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவது ஆகியவை எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் செய்யக்கூடியவை. புரியாத இடத்தில் தமிழில் ஒரு சொல் சொல்வது குற்றமன்று. கொமேனியஸ் நூல் முழுவதும் செய்தது அதுதான்.

8. வேண்டுகோள்

பெற்றோர்களே, பள்ளி தேடும்போது ‘எந்த வயதில் தொடங்குகிறீர்கள்?’ என்று கேட்பதற்கு முன், ‘என் பிள்ளையோடு யார் பேசுவார்? எவ்வளவு நேரம் பேசுவார்? அடுத்த வகுப்பில் அது தொடருமா?’ என்று கேளுங்கள். வீட்டில் தயங்காமல், நிறையத் தமிழில் பேசுங்கள். நாள்தோறும் ஒரு கதை படித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்துக்கும் அதுவே முதலீடு.

ஆசிரியர்களே, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எழுத்து நோட்டைச் சற்று ஒதுக்கிவைத்து, பிள்ளைகளின் காதையும் வாயையும் நிரப்புங்கள்.

கல்வித்துறையினருக்கு என் வேண்டுகோள்: தொடக்க வயதைக் குறைத்து ஆணையிடுவது எளிது. பாலர் வகுப்பு ஆசிரியருக்கு நல்ல ஊதியமும், பேசும் திறனில் தொடர் பயிற்சியும் தந்து, ஒரு வகுப்பில் கற்றது அடுத்த வகுப்பில் வீணாகாதபடி பாடத்திட்டத்தைக் கோத்துத் தருவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை முதலில் செய்யுங்கள். அது முடியும்வரை தொடக்கக் கல்வியைத் தமிழில் உறுதியாக நடத்தி, ஆங்கிலத்தை ஒரு மொழியாக, மகிழ்ச்சியாக, நன்றாகக் கற்பியுங்கள். அப்படிக் கற்கும் பிள்ளைக்கு இரண்டு மொழியும் கிடைக்கும். இன்று நாம் செய்வதைத் தொடர்ந்தால் பலருக்கு இரண்டும் அரைகுறையாகவே நிற்கும்.